கம்ப்யூட்டர் ரூமுக்குள் மேகம்

போன வாரம் ஒரு கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்திவிட்டேன்.

சிரிக்காதீர்கள்... போர்த்தும் நிலைமைக்கு அதைக் கொண்டுவந்ததும் சாட்சாத் நான்தான்!

கொடைக்கானலில் ஒரு கல்லூரி, வேலை பார்க்கிறவர்களுக்கென்று மாலை வகுப்பு நடத்துகிறது. கோர்ஸின் பெயர் ‘கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’. பெயர்தான் நீளம் — எட்டுப் பேருக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு அங்கே என்ன சோலி? நான் டைப்பிஸ்டாக இருக்கும் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. “பாஸ் பண்ணினா அது உங்க பொறுப்பு. இல்லேன்னா மதுரையில இருந்து ஆள் எடுத்துக்கிறேம்மா” என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி. விடுவேனா?

கம்ப்யூட்டர் ரூமில் எப்போதும் ஏ.சி. ஓட வேண்டும். டிசம்பரில், கொடைக்கானலில், ஏ.சி.! விரல் விறைத்து, ஒரு எழுத்தை அடித்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். மதுரையிலிருந்து வந்த வாத்தியாருக்கு என் மகன் வயசு. மஃப்ளருக்குள்ளிருந்து சொல்வார்: “மேனுவல்ல அப்படித்தான் போட்டிருக்குங்க மேடம்.”

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிறு. பிராக்டிஸ் பண்ண மதியமே கூடினோம். வாத்தியார் வரவில்லை — எக்ஸாமினரை அழைத்துவர வத்தலக்குண்டுக்கு இறங்கியிருந்தார். எனக்கு அறிவு பொங்கிவிட்டது. வெளியிலேயே இவ்வளவு குளிர் சும்மா கிடைக்கும்போது கரண்ட் எதற்கு? ஏ.சி.யை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்கு மேகம் உள்ளே வந்தது.

இந்த மலையிலேயே குடியிருக்கும் எட்டுப் பேர்... ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருத்தரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. கீபோர்டு நனைந்தது. ஸ்கிரீன் வியர்த்தது. மெஷின் பொட்டென்று அணைந்தது. என் நாற்காலி போனால் போகிறது, மற்ற ஏழு பேர் என்ன பாவம் செய்தார்கள்? வெட்கத்தை விட்டு அழுதேன்.

பிளக்கைப் பிடுங்கியது எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான புஷ்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவள் அம்மா ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்க்கிறார்.

“அழாதீங்கக்கா. அம்மா வேல செய்யிற பங்களாவுல பியானோவுக்கு அடியில எந்நேரமும் ஒரு பல்பு எரியும், ஈரம் ஏறாம இருக்க. வெரசா ஜன்னலச் சாத்துங்க. வீட்ல கம்பளி இருந்தா கொண்டாங்க.”

மேஜைக்கு அடியில் நாற்பது வாட் பல்பு. மேஜையோடு சேர்த்துக் கூடாரமாக என் கம்பளி. ஆள் மாற்றி ஆள் காவல்.

மறுநாள் காலை புஷ்பம் சுவிட்சைப் போட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்... பீப்! அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒரு கச்சேரியும் நான் கேட்டதில்லை.

எக்ஸாமினர் உள்ளே நுழைந்ததும், “கம்பளி எதுக்குங்க?” என்றார். மறைக்காமல் சொன்னேன் — ஜன்னலைத் திறந்தது நான் என்பது உட்பட. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. எக்ஸாமினர் சிரித்துவிட்டு, “அப்ப நீங்களே முதல்ல உக்காருங்கம்மா” என்றார். என் புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியது. எட்டுப் பேரும் பாஸ்!

மேனுவல் எழுதினவருக்குக் கொடைக்கானல் தெரியாது, சரி. இங்கேயே பிறந்த எனக்கு என்ன கேடு? படிக்கப் போகும்போது, ஏற்கெனவே தெரிந்ததைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோம்.

நேற்று முதலாளி கூப்பிட்டார். “நாற்காலி உங்களுக்குத்தாம்மா. கம்ப்யூட்டர் ரூமுக்கு என்னென்ன வேணும்? லிஸ்ட் குடுங்க.”

முதல் வரியில் புஷ்பத்தின் பெயரை எழுதினேன். மற்றதெல்லாம் மதுரையில் கடையிலேயே கிடைக்கும்!