கீழே இறங்கிப் போன தர்மினி

நீர்வேலிச் சந்தியில் பேருந்துக்கு நின்றபோது தர்மினியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, அவ எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அச்சுவேலித் தர்மினியை, அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் கண்டிருப்பீர்கள். ஆய்வுகூட முடிவுகளை நோயாளர் வாட்டுகளுக்கு அனுப்பும் சேர்வர் கணினிகளை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம்.

ஒரு புயலுக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் எல்லாச் சேர்வர்களும் ஒன்றாக எழும்பின. கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை. நான் தேநீர் குடிக்கப் புறப்பட்டேன். தர்மினி தொலைபேசியில் வாட்டுத் தாதியை அழைத்து, "மிஸ், றிப்போட் ஏதும் வருதோ?" என்று கேட்டார். ஒன்றும் வரவில்லை. முடிவுகள் பதிந்திருக்கும் தரவுத்தளம் எழும்ப முன்னரே, அறிக்கைகளை அனுப்பும் சேவை அதைத் தேடி, காணாமல் நின்றுபோயிருந்தது. திரையோ இயந்திரம் ஓடுகிறதா என்று மட்டுமே பார்த்திருந்தது.

"பச்சை எண்டால் மெஷின் முழிச்சிருக்கு, அவ்வளவுதான். வேலை செய்யுதோ எண்டு ஆரிட்டையாவது கேக்கோணும்" என்றார். தரவுத்தளம் பதில் சொன்ன பிறகே மற்றவை தொடங்கும்படி அன்றே மாற்றினார்.

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. ஒருமுறை தரவுத்தளம் தொடங்கிய உடனே செயலிழந்து விழுந்தது. மறுபடி தொடக்கினோம், மறுபடி விழுந்தது. தரவுகளைச் சேமிக்கும் வட்டு பழுதாகியிருந்தது. மாற்றுப்பிரதியும் திறக்கவில்லை. காலையில் பதிந்த முடிவுகள் போனது போனதுதான் என்று மத்தியானம் விளங்கியது. தர்மினி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து கீழே நோயாளர் பகுதிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

தொண்டைமானாற்றிலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்திருந்த ஒருவர் முடிவுக்குக் காத்திருந்தார்.

"ஐயா, பிள்ளையின்ரை றிப்போட் எங்களிட்டை இல்லை. திரும்ப ரத்தம் எடுக்கோணும். பிழை எங்கடை" என்றார் தர்மினி.

"ஊசியைக் கண்டாலே கத்திற பிள்ளை. உங்களுக்கென்ன, மேலை குளிருக்கை இருக்கிறியள்!"

அவர் ஏசி முடியும்வரை தர்மினி நின்றார். பிள்ளை அழுதபோதும் அங்கேயே நின்றார். மேலே வந்ததும், "நீர் ஏன் போனனீர்?" என்றேன். "ஆரும் வந்து சொல்லாட்டி அந்த மனிசன் பின்னேரம் வரைக்கும் காத்துக்கொண்டிருக்கும்" என்றார்.

இந்த வருடம் அவரே எங்கள் வாட்டில் நோயாளியானார். இரத்தப் புற்றுநோய். கணினிச் சேவைகள் எல்லாம் ஒழுங்காகத் தொடங்கின, ஒழுங்காக ஓடின. அவருடைய முடிவுகள் ஒருநாளும் பிந்தவில்லை. வந்த ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. கட்டிலருகே போனேன்.

"ஏன் நிக்கிறீர்?"

"என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, தர்மினி."

"எனக்கும் தெரியேல்லை. உந்தக் கதிரையிலை இரும்."

இருந்தேன். என் கையைப் பிடித்தபடி நித்திரையானார்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய திறமையில் பாதியும் எனக்கு வராது. அவர் அமைத்தவற்றையும் நாளைக்கு ஒருவர் வந்து மாற்றுவார். அந்த "இரும்" என்ற சொல்லை மட்டும் எனக்கென்று வைத்திருக்கிறேன். நேற்று அவருடைய வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப்போட்டு அவருடைய கணவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.