அந்தப் பிள்ளையின் தலையில் நான் வைத்த எண்ணெய்

இது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது. நாங்கள் அப்போது ரொறொன்ரோவில் ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வயது ஐம்பத்திநாலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். இங்கிலீஷில் யேஸ், நோ, தாங்க்யூ, அதற்கு மேல் சிரிப்புத்தான். எலிவேட்டருக்குள் ஆராவது நின்றால் நான் ஏறமாட்டேன், அடுத்தது வரட்டும் என்று நிற்பேன். அவ்வளவு கூச்சம்.

எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். ஜமெய்க்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் அந்தத் தாய். முப்பத்தைந்து வயதிருக்கும். வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில் வேலை, சனிக்கிழமையும் போகவேண்டும். பிள்ளைக்கு ஆறு வயது. என் மகள்தான் அவவோடு கதைத்து, "அம்மா வீட்டிலைதானே நிக்கிறா, பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ" என்று ஒழுங்கு செய்தவள்.

பாஷை தெரியாத பிள்ளையை வைத்து என்ன செய்வது என்று முதலில் பயந்தேன். ஆனால் அவள் ஒரு மாதத்துக்குள் ஆம் என்பதற்கு "ஓம்", போதும் என்பதற்குக் "காணும்", பிறகு "இன்னும் கொஞ்சம்" எல்லாம் பிடித்துவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அந்த மூன்று சொல்லும் போதும்தானே. என்னை அன்ரி என்பாள். தாயும் அப்படித்தான் கூப்பிடுவா. அவர்களின் ஊரிலும் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பிள்ளைக்கு என் பின்னலில் ஒரு கண். அந்த நாளில் என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். ரீவி பார்க்கும்போது அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தன்னுடையதுபோல் தடவிக்கொண்டிருப்பாள். அவளுடைய தலையில் பத்துப் பன்னிரண்டு சின்னப் பின்னல்கள், நுனியில் கலர் மணிகள். ஓடினால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். வடிவாகத்தான் இருக்கும். ஆனாலும் என் மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடும். இது எண்ணெய் காணாத தலை, பாவம் என்று. தாயின் தலைமயிரைப் பார்த்தாலும் அதே எண்ணம்தான். கட்டையாக, இறுக்கமாகச் சுருண்டு, தலையைச் சுற்றி நிற்கும். ஊரில் அப்படித் தலையோடு ஆரும் போனால் பரட்டை என்போம். அந்தச் சொல்லை நானும் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். இப்போது இதை எழுதக் கை கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு கிழமைக்கு முன்பு அந்தத் தாய் கதவடியில் நின்று என் மகளோடு கனநேரம் கதைத்தா. பிறகு மகள் எனக்குச் சொன்னாள். பிள்ளையின் தலைக்கு, மயிரை நேராக்குகிற கிறீம் பூசச் சொல்லித் தாயின் தமக்கை நெருக்குகிறாவாம். இவவுக்கு விருப்பமில்லை. பிள்ளை ஒன்றாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் விடு, அதுக்குள் என்னால் இந்தத் தலையைப் பார்க்க முடியாவிட்டால் கிறீம் பூசுவோம் என்று தவணை கேட்டிருக்கிறாவாம். "தலைமயிருக்கும் தவணையோ" என்று நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அன்று காலை ஏழு மணிக்குப் பிள்ளையையும் ஒரு துணிப் பையையும் தந்துவிட்டுத் தாய் போனா. மகளும் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். சப்பாத்துப் போட்டபடியே சொன்னாள்: "அம்மா, இண்டைக்குப் பின்னல் கழட்டுற நாளாம். ரீவி பாத்துக்கொண்டு பிள்ளையே கழட்டுவாளாம். பின்னேரம் தான் வந்து தலைக்குத் தோய வாக்கிறாவாம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். சாமான் பையிலை இருக்காம்."

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் வேண்டாம் என்றால் நாங்கள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்போம். அது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. மனுசி விடிய எழும்பி, கிழடுகளைத் தூக்கிப் பறித்துவிட்டு, பின்னேரம் களைத்து வந்து பிள்ளையின் தலையோடு மாரடிக்க வேண்டுமா? அன்றைக்குச் சனிக்கிழமை வேறு, நானும் தோய்கிற நாள். எனக்கென்று முதல்நாளே வெந்தயம் ஊறப்போட்டிருந்தேன். பிள்ளைக்கும் வார்த்துவிட்டால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவா என்று நினைத்தேன். அந்தத் துணிப் பையைக் கதவோரமாய் வைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

பின்னல் எல்லாம் கழட்டியானதும் நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பிள்ளையின் தலையில் வைத்தேன். அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, என் பின்னலைத் தொட்டுக் காட்டி, தன் முதுகில் கையால் கோடு இழுத்து, இப்படிக் கீழே வருமா என்று கேட்டாள். எனக்கு நன்றாக விளங்கியது. எண்ணெய் வைத்தால் மயிர் நீளும் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்வோம். "ஓம், ஓம்" என்றேன். அதுக்குப் பிறகு பொம்மை மாதிரி ஆடாமல் இருந்தாள்.

சீயாக்காய் போட்டு நன்றாகத் தேய்த்துத் தோய வார்த்தேன். துவாயால் இறுக்கித் துவட்டினேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்திக் காயவிட்டேன். காயக் காய அந்தத் தலைமயிர் உள்ளே உள்ளே ஒடுங்கி, ஒன்றோடொன்று பின்னி, கம்பளி மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பதற்றம். என் சீப்பை எடுத்து உச்சியில் வைத்துக் கீழே இழுத்தேன். சீப்பு வரவில்லை. இன்னும் இழுத்தேன்.

"காணும் அன்ரி" என்றாள். சிக்கெடுக்கும்போது எந்தப் பிள்ளை அழாது? என் பிள்ளைகளும் அழுதவைதான். "இந்தா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். "காணும், காணும்" என்று விம்மினாள். நான் சொல்லிக்கொடுத்த சொல்லாலேயே கெஞ்சினாள். சீப்பில் இரண்டு பல்லு முறிந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வேரோடு வந்த மயிர் இல்லை, இடையில் முறிந்த சின்னச் சின்னத் துண்டுகள் என் பாவாடை முழுக்க.

அதற்குப் பிறகு நான் தொடவில்லை. பிள்ளை சோபாவில் சுருண்டு படுத்துவிட்டாள். பிடரிப் பக்கம் உள்ளங்கைக்குள் அடங்குகிற தேசிக்காய் அளவில் ஒரு சிக்கு, கல்லுப்போல் நின்றது. கிறீம் பூசாமல் இந்தத் தலையைப் பார்க்க முடியாது என்று தமக்கை சொன்னதற்கு நானே சாட்சி செய்து வைத்ததுபோல் இருந்தது.

நாலு மணிக்கு மகள் வந்தாள். பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, உங்களை ஆர் தொடச் சொன்னது? ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு தமிழிலைதானே சொன்னனான்" என்றாள்.

அரை மணியில் தாய் கதவைத் தட்டினா. தொப்பியில் சினோப் பனி உருகாமல் இருந்தது. பிள்ளையின் தலையைக் கண்டதும் அப்படியே நின்றா. பிறகு கிட்ட வந்து, குளிர்ந்த கையை ஊதிச் சூடாக்கிப்போட்டு, பிடரியைத் தடவிப் பார்த்தா. கண்ணை மூடிக்கொண்டா. அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். பிள்ளைதான் முதலில் கதைத்தாள். மகள் மெதுவாக எனக்குச் சொன்னாள்: "உங்கடை மாதிரிக் கீழை வருமெண்டு நீங்கள் சொன்னதாம். வரேல்லையாம். தாயிட்டைக் கிறீம் பூசச் சொல்லிக் கேக்கிறாள்."

தாய் கத்தரிக்கோல் கேட்டா. எடுத்து நீட்டினேன், ஆனால் என் கை அதை உடனே விடவில்லை. அதை வாங்கினவ என் கையைப் பார்த்தா. பிறகு கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, குளிர் கோட்டைக் கழட்டினா. கதவோரத்தில் இருந்த துணிப் பையை எடுத்து வந்து திறந்தா. உள்ளே விரல் மொத்தத்துக்குப் பல்லு வைத்த ஒரு அகலச் சீப்பு, தண்ணி தெளிக்கிற போத்தல், வழுவழுவென்று ஒரு கொண்டிஷனர். எல்லாம் காலையிலிருந்து என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அன்ரி, இஞ்சை வந்து இருங்கோ எண்டு கூப்பிடுறா" என்றாள் மகள். பிள்ளையைத் தன் முழங்காலுக்கு நடுவில் இருத்தி, என்னைப் பக்கத்தில் இருத்தினா. தலையை நாலு பங்காகப் பிரித்தா. ஒரு பங்கை ஈரமாக்கி, கொண்டிஷனர் பூசி, என் கையில் சீப்பைத் தந்து, என் கைமேல் தன் கையை வைத்தா. உச்சியில் இல்லை, நுனியில். நுனியில் ஒரு விரற்கடை. அது விட்டதும் அதற்கு மேலே ஒரு விரற்கடை. நான் பிறந்ததிலிருந்து மேலிருந்து கீழே சீவினவள். என் கையைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது.

அவ சொன்னதை மகள் சொல்லச் சொல்லக் கேட்டேன். "உங்கடை மயிரிலை எண்ணெய் வழுக்கி நுனிமட்டும் போகும். எங்கடையிலை ஒவ்வொரு வளைவிலையும் நிண்டு நிண்டுதான் போகோணும். ஒவ்வொரு வளைவும் முறியிற இடம். காய்ஞ்சிருக்கேக்கை சீப்பு வைக்கவே கூடாது."

அவவும் தமக்கையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானாம். தமக்கைக்கு வளையம் வளையமாய் விழுகிற மயிர். எல்லாரும் நல்ல மயிர் என்பார்களாம். இவவுக்கு இறுக்கச் சுருள், அது கெட்ட மயிராம். ஒன்பது வயதில் கிறீம் பூசிவிட்டார்கள். தலைத்தோல் வெந்து பொருக்குக் கட்டியது. இரண்டு மாதத்துக்கு ஒருதரம், இருபது வருஷத்துக்கு மேல். பிள்ளை பிறந்த பிறகுதான் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுத் தன் மயிரைத் தன்பாட்டில் வளரவிட்டாவாம். வேலையில் ஒருத்தி, இன்றைக்குத் தலை சீவ நேரமில்லையா என்று கேட்டாளாம்.

"இப்ப அக்காவும் தான் பூசிக்கொண்டிருந்த கிறீமை விட்டிட்டா. சொந்த மயிரோடை இருக்கிறது லேசு எண்டு சொல்லுறா. அவவுக்கு லேசுதான்" என்று சொல்லிச் சிரித்தா. அந்தச் சிரிப்பை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. "என்ரை மகளின்ரை மயிர் முன்னுக்கு அக்கான்ரை, பின்னுக்கு என்ரை. அக்கா முன்பக்கத்தைப் பாத்து ஆசைப்படுறா, பின்பக்கத்துக்குக் கிறீம் எண்டுறா."

நான் நாசமாக்கியது அந்தப் பின்பக்கத்தை.

மூன்று பங்கு முடிந்தபோது கொண்டிஷனர் முடிந்துவிட்டது. பிடரிச் சிக்கு மட்டும் மிச்சம். எனக்கு வெந்தயம் நினைவு வந்தது. ஆனால் இந்தமுறை ஓடிப்போய்ப் பூசவில்லை. கோப்பையைக் கொண்டுவந்து அவவுக்கு முன்னால் பிடித்து, மகளிடம் சொன்னேன்: "இது பூசலாமோ எண்டு கேள். வேண்டாமெண்டால் உண்மையாய் வேண்டாம்தான் எண்டும் சொல்லு." அவ விரலால் தொட்டு, நூலாய் இழுபடுவதைப் பார்த்தா. முகம் மலர்ந்தது. தங்கள் ஊரில் கற்றாழைச் சாறு இப்படித்தான் வழுக்கும், அம்மம்மா பூசிவிடுவா என்றா. தண்ணியை மட்டும் வடித்துப் பூசினோம். இருட்டிவிட்டது. நடுவில் மகள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து பிள்ளைக்குத் தீத்தினாள். கடைசியில் ஒரு சின்ன முடிச்சுத்தான் வெட்ட வேண்டி வந்தது. பெருவிரல் நகமளவுகூட இல்லை.

பிறகு தாய் பிடரியிலிருந்து ஒரு இழையைப் பிடித்து மெல்ல நேராக இழுத்துக் காட்டினா. தோள்மூட்டைத் தாண்டி வந்தது. நான் வாயைப் பிளந்தேன். விட்டதும் சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. "பாத்தியோ, நீளம் இருக்கு. அதுக்கு மேலை நிக்கத்தான் விருப்பம்" என்றா பிள்ளையிடம். பிள்ளை தானும் இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கிறீம் கதையை அன்று திரும்ப எடுக்கவில்லை.

போகும்போது நான் அவவின் இரண்டு கையையும் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க "சொறி" என்ற இங்கிலீஷ் சொல்லையும் அதற்குள் பழகியிருந்தேன், ஆனால் வாயில் வரவில்லை. அவ என் தோளில் தட்டிவிட்டுப் போனா. இனி இந்தப் பிள்ளை என் வாசலுக்கு வராது என்றுதான் அந்தக் கிழமை முழுக்க நினைத்திருந்தேன். கதவுத் துளையால் எதிர்க் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. பிள்ளை நின்றாள், கையில் அதே துணிப் பை. தாய் எலிவேட்டரைப் பிடித்துக்கொண்டு, "பாய், அன்ரி" என்றா, ஒன்றும் நடக்காததுபோல. பைக்குள் இரண்டு அகலச் சீப்பு இருந்தது. ஒன்று புதிது, எனக்கு.

பிள்ளை ஒன்றாம் வகுப்பு முடித்தாள், தவணையும் முடிந்தது. கிறீம் பூசவில்லை. இடையில் வேலை மாறியபோது தாய்தான் தன் தலைக்கு இரண்டு வருஷம் திரும்பப் பூசினா. "பிள்ளையின்ரை தலையைக் காப்பாத்தினன், என்ரை தலைக்கு நேரமில்லை" என்று சிரித்தா. பிறகு அதையும் விட்டா. பிள்ளை படித்துப் பட்டம் வாங்கிய படம் என் மேசையில் இருக்கிறது. அந்தத் தலைமயிரில் பட்டமளிப்புத் தொப்பி நிற்காமல் நாலு ஊசி குத்தியிருக்கிறார்கள்.

இப்போது என் பின்னல் எலிவால் ஆகிவிட்டது. கொட்டுகிற மயிரை அந்த அகலச் சீப்பால் நுனியிலிருந்துதான் சீவுகிறேன். ஆருக்காவது நன்மை செய்யவென்று என் கை அந்தரப்படுகிற போதெல்லாம், கதவோரத்தில் நான் திறக்காமல் வைத்த அந்தப் பையும், மறுபடியும் அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பின அந்தத் தாயும் நினைவுக்கு வர, முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.