வழுக்கி விழுந்தவர்கள்

தியேட்டரில் என் கணவர் சிரித்த சிரிப்பு மூன்று வரிசைக்குக் கேட்டது. திரையில் கதாநாயகி ஒரு தடியனின் கையை முறுக்கி அவனைத் தரையில் போட்டிருந்தாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"இருக்கிறதே நாப்பது கிலோ. இவ இழுத்தா அவன் விழுவானா? நல்லா காதுல பூ சுத்துறானுங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கதாநாயகன் முப்பது பேரை ஒற்றை ஆளாகப் பந்தாடியபோது இதே வாய்தான் விசில் அடித்தது. அப்போது யாருடைய எடையும் கணக்கில் வரவில்லை. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த மகள், பதினொரு வயது, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சண்டையில் நம்ப முடியாதது வேறு. கதாநாயகிக்கு மூச்சு வாங்கவில்லை. விரித்துவிட்ட கூந்தல் வாய்க்குள் போகவில்லை. முடிந்த பிறகு கை நடுங்கவில்லை. எனக்கு நடுங்கியது, அதனால் தெரியும்.

அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. பள்ளியிலிருந்தே டவுன்ஷிப் மைதானத்தில் ஜூடோ பழகியிருந்தேன். வடலூரிலிருந்து திரும்பும் பேருந்தில் ஒருவன் உரசிக்கொண்டே வந்தான். இரண்டு முறை நகர்ந்தேன். எங்கள் நிறுத்தத்தில் இறங்கப் படியருகே நின்றபோது அவன் கை என் இடுப்புக்கு வந்தது. அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, உடம்பை விலக்கி இழுத்தேன். அவ்வளவுதான். என்னைப்போல் இரண்டு மடங்கு இருந்தவன் படி வழியாகத் தரைக்குப் போனான். மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நான்கு பேர் வந்தார்கள். குப்புற விழுந்தவனின் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

"தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணமுங்க. பொம்பளப் புள்ள இழுத்து வுழுந்தான்னா வெளிய தலை காட்ட முடியுமா? படியில வழுக்கிட்டான்னு சொல்லிக்கினு இருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

அவன் கை எங்கே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அவர்களுக்குக் காபி போடச் சொன்னார். அவர்கள் போனதும், "உனக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல" என்றார். அம்மா என் ஜூடோ உடையை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். அதன்பிறகு யார் கேட்டாலும் அவன் வழுக்கித்தான் விழுந்தான். நானும் அப்படியேதான் சொன்னேன். இன்றைக்கும் அவன்மேல் வருவதைவிட அதிகமான ஆத்திரம் எனக்கு என்மேல்தான் வருகிறது.

படம் முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் மகளிடம் இதைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. கணவர் சாவியைத் தேடிக்கொண்டே சிரித்தார்.

"கதை விடாத. நீயாவது, ஆளை இழுத்துப் போடுறதாவது."

"கையைக் கொடுங்க" என்றேன்.

பாவம், சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். அடுத்த நொடி ஸ்கூட்டர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. எவ்வளவு திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்கு மறக்கவில்லை.

வண்டிக்கு டோக்கன் கொடுப்பவர் ஓடிவந்தார். "என்னாச்சு சார்?"

கணவர் பேண்டைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "ஒண்ணுமில்லப்பா. வழுக்கிடுச்சு."

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்து நின்றாள்.

"வழுக்கல அங்கிள். எங்கம்மாதான் போட்டாங்க."