ஆர்டிஸின் பன்னிரண்டு செடிகள்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள எங்கள் ஊரில், எந்தப் பூவை எப்போது வெளியே நடலாம் என்று கேட்க எல்லோரும் ஆர்டிஸ் டாலஃப்சனைத்தான் கூப்பிடுவார்கள். நான் வேலை பார்க்கும் நாற்றுக்கடையிலிருந்தும் கேட்போம். பான்சி உறைபனியைத் தாங்கும் பூ. ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த நாற்று முதல் நாளே தாங்காது. இன்று ஒரு மணி நேரம், நாளை இரண்டு என்று பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நாற்பது வருஷமாக ஆர்டிஸ் எல்லோருக்கும் இதைச் சொல்லிவந்தார்.

ஜனவரியில் அவர் கணவர் லாயல் இறந்தார். அப்போது மண் கல்லாக இறுகியிருக்கும். குழி வெட்ட முடியாது. குளிர்காலத்தில் இறக்கும் மற்றவர்களைப் போல லாயலும் கல்லறைத் தோட்டத்துச் சவ அறையில் மண் இளகும்வரை பெட்டிக்குள் கிடந்தார். பிப்ரவரியில் ஆர்டிஸ் சமையலறை விளக்கின் கீழே பான்சி விதைத்தார். அடக்கத்தன்று குழிமேட்டின் மேலே பூ இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. லாயல் குளிர் தாங்காதவர். ஜூலையிலும் கம்பளிக் காலுறை போடுவார்.

இந்த வருஷம் மண் முன்னதாகவே இளகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் குழிவெட்டும் டெல்மர் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வச்சுக்கலாமா, ஆர்டிஸ்?"

நாற்றுகள் அதுவரை ஒரு நாள்கூட வெளியே போனதில்லை.

அடக்கம் முடிந்து, எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்கப் போன பிறகு, ஆர்டிஸ் மண்டியிட்டு ஆறு செடிகளை நட்டார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் பழக்கலையே."

"எனக்குத் தெரியாதா? வெறும் மண்ணா விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

மறுநாள் காலை ஆறும் வெந்த கீரை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன்," என்றார்.

மிச்சம் பன்னிரண்டு. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, லாயல்தான் ஓட்டுவார். அதனால் திங்கட்கிழமையிலிருந்து செடித் தட்டோடு அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு நான் கூட்டிப்போனேன்.

"உங்க வீட்டு வாசல்லயே வைக்கலாமே?"

"இந்தக் காத்துதானே அதுக்குப் பழகணும்."

தட்டை லாயலின் குழிமேட்டின் மேல் வைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு மணி நேரம். மறுநாள் இரண்டு. நான் காரிலேயே இருந்தேன். அவர் உதடு அசைவது தெரிந்தது.

ஐந்தாம் நாள் டெல்மர் வந்தார். "பூவுக்குத் துணையா, லாயலுக்குத் துணையா?"

"பூவுக்குத்தான். அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டது போதும்."

"அப்ப ஏன் அவர் பக்கம் பாத்துப் பேசுறீங்க?"

"போய் உன் மண்வெட்டியைக் கழுவு."

டெல்மர் சிரித்தபடி போனார். ஆர்டிஸும் சிரித்தார், பிறகு வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் பன்னிரண்டையும் தலைமாட்டில் நட்டார். இரவு உறைபனி விழும் என்று வானொலி சொல்லியிருந்தது. நான் பழைய போர்வை ஒன்று கொண்டுபோயிருந்தேன்.

"வேணாம். இனிமே தாங்கிக்கும்."

காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். வாசல் கம்பிக்கதவு வரைக்கும் போயிருப்போம்.

"நிறுத்து. அந்தப் போர்வையைக் குடு."

திரும்ப நடந்துபோனார். செடிகளை மூடவில்லை. பூ இல்லாத கால்மாட்டில் போர்வையை விரித்து, ஓரங்களைச் செருகிவிட்டு வந்தார்.