அப்பாவின் ஒன்றரை லிட்டர் மூச்சு

எங்கள் தெருவுக்கு இலவச டிவி வந்த வருஷம், எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காக நுரையீரலை அளக்கும் கருவி ஒன்று செய்தேன். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், துணி அலசும் டப், கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய லெவல் டியூப், அவ்வளவுதான். கேனில் அரை அரை லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் நெயில் பாலிஷால் கோடு போட்டேன். நிரம்பிய கேனை டப்புத் தண்ணீருக்குள் கவிழ்த்து, டியூபை உள்ளே செருகி ஒரே மூச்சாக ஊதினால் தண்ணீர் கீழே இறங்கும். எந்தக் கோடு வரை இறங்குகிறதோ அவ்வளவு மூச்சு.

நான் இரண்டு லிட்டர் ஊதினேன். அம்மா சிரித்துக்கொண்டே இரண்டரை ஊதினாள். நிலையில் தலை இடிக்கும் உயரமுள்ள அப்பா ஒன்றரையில் நின்றுவிட்டார். மறுபடி ஊதினார். அதே கோடு. பிறகு வெகுநேரம் இருமினார்.

"டியூப்புல எங்கியோ ஓட்ட இருக்கு பாரு" என்றார்.

ஓட்டை இல்லை. புகைபிடிப்பவர்களுக்கு மூச்சு குறையும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அப்பாவை வேவு பார்க்கத் தொடங்கினேன். சட்டைப்பையை மோந்து பார்த்தால், செம்மங்குப்பத்தில் அவர் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியின் வாடைதான் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரை சைக்கிளில் பின்தொடர்ந்தேன். யாரோ நீட்டிய பீடியை வேண்டாமென்று தள்ளினார். என்னைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் டியூஷன் இல்லாமல் திரும்பி வந்தபோது, அப்பா கொல்லையில் குந்தி உட்கார்ந்து என் டியூபில் தனியாக ஊதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் கம்பெனில டாக்டர் வந்து ஊதச் சொல்வாரு பாப்பா. அதான் பழகிக்கறேன். அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லாதே என்றதுதான் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அப்பா சிகரெட் பிடிக்கிறார் என்று.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்த வேலதான் நெஞ்ச அரிக்குதோன்னு நான் பயந்துகிட்டு கெடக்கறேன். நெசமா நீங்க புடிக்கிறீங்களா? இல்லன்னா நாளைலேருந்து கம்பெனிக்குப் போவ வேணாம். நம்ம ஊரு குமராட்சிக்கே போய் நெலத்தப் பாத்துக்கலாம்."

அக்கா அப்போது அப்பாவின் சம்பளத்தில்தான் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"புடிக்கிறேன்" என்றார். "விட்டுடறேன்."

அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் வேலையை விடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். டாக்டர் முன்னால் அப்பா எப்படியோ ஊதித் தேறிவிட்டார்.

கண்காட்சியில் அளவுகளை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்றரை லிட்டருக்கு நேரே 'புகைபிடிப்பவர்' என்று எழுதியிருந்தேன். பார்க்க வந்த அப்பா அதைப் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு பாப்பா" என்றார்.

வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்தறியாதவர் அவர் என்பது, அக்கா வேலைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்காட்சியன்று அவர் முகத்தில் நான் கண்டதை வெட்கம் என்றே நினைத்துக்கொண்டேன்.