மணப்பெண் கையில் காலுறை

1. ட்ரயல் பார்க்க வந்த நாள்

மணப்பெண் அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் எந்த பவுண்டேஷன் வியர்வைக்குத் தாங்கும், எந்தக் கோனில் மருதாணி நன்றாகச் சிவக்கும் என்றுதான் கேட்பார்கள். அதையெல்லாம் போனில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது ஹஸ்னாவின் கல்யாணத்தைப் பற்றி. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் சலூன் கற்பிட்டியில். ஹஸ்னா பக்கத்து ஊர் கண்டக்குழிப் பிள்ளை, வாப்பாவுக்குச் சொந்தமாக போட் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் கூட இல்லாத நிலையில் உம்மாவோடு மேக்கப் ட்ரயலுக்கு வந்தாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அவளோ அபாயாவின் கைக்குள் இரண்டு கைகளையும் இழுத்து வைத்துக்கொண்டு கதிரையில் ஒடுங்கி இருந்தாள். "மருதாணிக்குக் கையப் பாப்பம், நீட்டுங்க புள்ள" என்றேன். அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மா தலையாட்டிய பிறகுதான் நீட்டினாள்.

இரண்டு கையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் காலுறை. கழற்ற முடியாதபடி மணிக்கட்டில் ரிப்பனால் முடிச்சுப் போட்டிருந்தது.

என்னைவிட மூத்தவர் என்பதால் அந்த உம்மாவை நான் தாத்தா என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா.

"என்ன தாத்தா இது?"

"மேலெல்லாம் நோண்டி நோண்டிப் புண்ணாக்கி வெச்சிரிக்கிறா தங்கச்சி. ஏசியும் பாத்தாச்சி, அடிச்சும் பாத்தாச்சி. கல்யாணம் வரைக்கும் இப்பிடியே கட்டி இரிக்கட்டும்."

"ஆடு மாடா தாத்தா, கட்டி வெக்கிறதுக்கு?"

கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. வாடிக்கையாளர் என்று பார்த்து அடங்குகிற வாய் இல்லை.

ரிப்பனை நான்தான் அவிழ்த்தேன். அபாயாவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தோளிலும் மேல் கையிலும் முதுகின் மேற்பகுதியிலும் காயம். சில காய்ந்தவை, சில இன்னும் ஈரமானவை, சில பழைய கறுப்புத் தழும்புகள். தாடையோரத்திலும் இருந்தன. சொறி சிரங்கு பார்த்த கண்ணுக்கு இது சொறி இல்லை என்று தெரியும். கை எட்டுகிற இடத்தில் மட்டும் இருந்தது. நடு முதுகு பளிங்கு போலக் கிடந்தது.

விரல் நுனிகள் ஏன் இப்படிச் சிவந்து வீங்கியிருக்கின்றன என்று கேட்டேன். கிள்ளாமல் இருக்க உம்மா விரலில் கொச்சிக்காய், அதுதான் மிளகாய், அரைத்துப் பூசினாராம். பிள்ளை அந்த விரலாலேயே நோண்டியிருக்கிறாள். பச்சைப் புண்ணில் கொச்சிக்காய்! யா அல்லாஹ், கேட்கும்போதே எனக்கு உடம்பு எரிந்தது. ஓதின தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்களாம். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை, விடுவோம். ஆனால் யாரோ விற்ற பெயரில்லாத வெள்ளை கிரீமையும் அந்தப் புண்ணின் மேல் அப்பியிருந்தார்கள். அது தோலை உரித்தது. உரிந்த தோல் விரலுக்குத் தட்டுப்பட, அவள் மேலும் பிய்த்தாள்.

"நீங்க மேக்கப் போட்டு மூடித் தந்தாப் போதும் தங்கச்சி. எவளுக்கும் தெரியக் கூடா" என்று உம்மா முடித்தார்.

2. அவள் பயந்தது எதற்கு

உம்மாவைப் பக்கத்துக் கடைக்கு ஊசி வாங்க அனுப்பினேன். என் மேசையில் ஊசி நிறைய இருந்தது.

"ஏன் புள்ள?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள்.

"வேணுமெண்டு செய்றல்ல மாமி. கை போறதே தெரியா. தெரிஞ்ச பொறகும் நிப்பாட்ட ஏலா. ஒண்டு தட்டுப்பட்டா அத எடுத்தாத்தான் மனசு ஆறும். எடுத்த பொறகு என்னயே எனக்குப் புடிக்காது. ஏ.எல். சோதனை எடுத்த நேரத்தில தொடங்கின. கல்யாணம் பேசின பொறகு மிச்சம் கூடிட்டு."

"மாப்பிள்ளய புடிக்கல்லயா?"

"சீ, அப்பிடி ஒண்டுமில்ல. நல்லாத்தான் கதைக்கிறார்." முகம் கொஞ்சம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "கூறை மாத்துறதுதான் மாமி பயம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சேலைதான் கூறை. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை பெண்ணிடம் வரும்போது அவள் அந்தச் சேலையில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அலங்காரக்காரி அதைக் கட்டுவதில்லை. மாப்பிள்ளையின் சகோதரிதான் கட்டுவாள், அவள் உரிமை அது. நாங்கள் போட்ட முதல் உடுப்பைக் கழற்றி, அவர்கள் தைத்துக் கொண்டுவந்த சட்டையை அவளே மாட்டிவிடுவாள். முகத்தை நான் மூடலாம், கையை மூடலாம். அந்த அறைக்குள் தோளையும் முதுகையும் எதைக் கொண்டு மூடுவது?

"மதினி கண்டா ஏதோ நோய்க்காரிய தலையில கட்டிட்டாங்க எண்டு நெனப்பா. கல்யாணம் நிண்டிரும் மாமி" என்றாள் ஹஸ்னா. அப்படிச் சொல்லும்போதே அவள் பெருவிரல் தாடையைத் தேடிப் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியவில்லை.

3. பைத்தியமா என்று கேட்ட உம்மா

நான் டொக்டர் இல்லை. இது நோயா பழக்கமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். உம்மா மாட்டேன் என்று நின்றார். வாப்பா ஒரு நாள் கடலுக்குப் போகாமல் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மனுசன் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார்.

இது பலருக்கு இருக்கிறது, தொத்தாது, வேண்டுமென்று செய்வதும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். புண்ணுக்கு மருந்து கொடுத்து, மனநலக் கிளினிக்குக்கும் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மெல்லக் குறையும், கல்யாணத்துக்கு முன்னால் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னாராம்.

உம்மா என் சலூனுக்கு வந்து குதித்தார். "என்ட புள்ளைக்கிப் பைத்தியமா? கல்யாணம் பேசின புள்ளய அந்தக் கிளினிக்கில கொண்டு போய்க் குந்த வெக்கிறதா? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் கதைக்கும் தாத்தா. ஊருக்கு வேற என்ன வேல இரிக்கி? புண்ணு ஊருட மேலயா இரிக்கி?"

கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஹஸ்னா கிழமைக்கு ஒரு தரம் வந்தாள். நான் செய்தது அலங்காரக்காரியின் வேலை மட்டும்தான். இதைப் புதியவர்கள் கவனியுங்கள். ஈரப் புண்ணில் பவுண்டேஷன் நிற்காது, பிசுபிசுத்துத் திட்டாகும், புண்ணும் சீழ் பிடிக்கும். ஆகவே ஃபேஷியல் இல்லை, ஸ்டீம் இல்லை, பிளீச் இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் வட்ட லைட்டையும் அவள் வரும்போது உள்ளே தூக்கி வைத்துவிடுவேன். டொக்டர் தந்த மருந்தைத் தடவி மெல்லிய துணி ஒட்டினால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. காலுறையைவிட அது நன்றாக வேலை செய்தது. பாதிக் காயம் ஆறியது. மீதி ஆறுவதும் பெயர்வதுமாகக் கிடந்தது.

உம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "மாப்பிள்ளட தாத்தாக்கு ஒரு போன் எடுத்து முன்னக்கூட்டியே சொல்லுங்க. கொலையா செஞ்சிரிக்கிறா?"

"சொன்னா அவங்கட ஊர் முந்தல் முழுக்கப் பரவும். நீங்களே கதவப் பூட்டிக்கிட்டு கூறைய மாத்திருங்க தங்கச்சி."

"ஏலா. அது அவங்கட உரிம. அதில கை வெச்சா நெருப்புப் பத்தும்."

சொன்னேன், கேட்டால்தானே.

4. தாழ்ப்பாள்

கல்யாண நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நிக்காஹ்வுக்கு ஆண்கள் கூடிவிட்டார்கள். முந்தலில் இருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைத் தட்டோடு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் தாத்தா பர்ஹானா. ஆள் உயரம், குரலும் உயரம்.

அவள் அறை வாசலுக்கு வருவதற்குள் ஹஸ்னாவின் உம்மா பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். போட்டதும் இல்லாமல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். உள்ளே மூன்று பேர்: உம்மா, பெண், நான்.

"கதவத் தொறங்க. கூறை கொண்டு வந்திரிக்கிறம்."

"தட்ட வாசல்ல வெய்ங்க மகள். இங்க மேக்கப் போடுற தங்கச்சியே கட்டிருவா."

வெளியே தட்டு தரையில் டங்கென்று இறங்கியது. பிறகு வந்தது பாருங்கள்.

"என்னது? எங்கட தம்பிட கூறைய கூலிக்கி வந்தவ கட்டுறதா? எங்கட கை என்ன, மீன் கழுவின கையா?"

எனக்கும் சுருக்கென்றது. கூலிக்கு வந்தவள் நான்தானே. ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "புள்ளைக்கி மேல்ல என்னமோ இரிக்காம், அதான் மறைக்கிறாங்க" என்றாள். இன்னொருத்தி குஷ்டம் என்றே சொல்லிவிட்டாள். அவள் நாக்கில் தேள் கொட்ட. மாப்பிள்ளை வீடே கேட்காத கதையை வாசலில் நின்ற வாய்கள் கட்டி முடித்துவிட்டன.

"கடைசியாக் கேக்குறன், தொறக்கிறீங்களா இல்லயா? தொறக்காட்டி தம்பிக்கிப் போன் போடுறன். காவின் எழுத வேணாம் எண்டு சொல்லப் போறன்" என்றாள் பர்ஹானா. நிக்காஹ் பதிவைத்தான் நாங்கள் காவின் என்போம். அது எழுதாவிட்டால் கல்யாணம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போன் மணி போகும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கதவை மட்டும் விடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஹஸ்னா எழுந்தாள். அவ்வளவு பாரமான உடுப்போடு வந்து உம்மாவின் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"விடுங்க உம்மா. என்ட மேல்தானே."

தாழ்ப்பாளை இழுத்தாள். "நீங்க மட்டும் வாங்க மதினி" என்று பர்ஹானாவின் கையைப் பிடித்து உள்ளே எடுத்து மறுபடி கதவைச் சாத்தினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று ஊக்குகளைக் கழற்றச் சொன்னாள். உடுப்பைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"இது நானே நோண்டினது மதினி. நிப்பாட்ட ஏலாம இரிக்கி. டொக்டர்ட்ட காட்டுறன். ஒங்களுக்கிட்ட மறச்சதுதான் பிழை."

பர்ஹானா போனைக் கையில் பிடித்தபடியே குனிந்து அவள் தோளைப் பார்த்தாள்.

"தொத்துமா?"

"இல்ல."

"நோவுமா?"

"நோவும்."

பர்ஹானா மூச்சை உள்ளே இழுத்தாள். ஹஸ்னாவுக்குத்தான் விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அவள் திரும்பியது உம்மாவின் பக்கம்.

"இதச் சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லயா மாமி? நாங்க என்ன, புள்ளயப் புடிச்சித் திங்கவா வந்த? வெளிய ஒருத்தி குஷ்டம் எண்டுறா! மறச்சி மறச்சி நீங்கதானே அவளுக்குக் கதை எடுத்துக் குடுத்தீங்க! இந்தப் புள்ள தனிய எவ்வளவு பயந்திரிப்பா?"

போனுக்குள் ஓர் ஆண் குரல், "தாத்தா? அலோ? என்ன தாத்தா?" என்று கத்திக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்ல. நீ காவின எழுது. சேல கட்ட கொஞ்சம் சுணங்கும்" என்று சொல்லி வெட்டினாள்.

கூறைச் சட்டையைக் கையில் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முழுக்க ஜரிகை, அரம் போல. "இது புண்ணுல பட்டா உயிர் போகும்" என்று முணுமுணுத்தவள் தன் தலையில் போட்டிருந்த பருத்தித் துணியை உருவி என்னிடம் எறிந்தாள். "உள்ளுக்கு இத வெச்சித் தைச்சா மெத்தெண்டு இரிக்கும், வெட்டுங்க." நான் வெட்டினேன், இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சட்டையின் உள்ளே வைத்துத் தைத்தோம். தைத்து முடியும் வரை அவள் வாய் ஓயவில்லை. உம்மாவுக்கு ஏச்சு, எனக்கு ஏச்சு, தையற்காரனுக்கு ஏச்சு. ஹஸ்னாவுக்கு மட்டும் ஒரு சொல் இல்லை.

பிறகு ஒரு துவாயால் தலையை மூடிக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள். "புள்ள மருந்து போடுறா. சேல கட்டப் போறம். இனி யாரும் நோயெண்டு கதைச்சா எனக்கிட்ட வந்து கதைங்க" என்றாள். வாசல் வெறிச்சோடிப் போனது. கூறையை அவளே கட்டினாள், மடிப்பு மடிப்பாக, நான் கட்டியிருந்தால் கூட அப்படி வந்திருக்காது.

5. இதில் படித்தது

கல்யாணம் முடித்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். ஒன்றும் தானாகச் சரியாகவில்லை. ஹஸ்னா கிளினிக்குக்குப் போகிறாள், மாப்பிள்ளையே கூட்டிக்கொண்டு போகிறார். சில கிழமை நன்றாக இருக்கும், சில கிழமை பழைய மாதிரி.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, தாய்மார் உங்களிடம் வந்து மூடித் தா என்பார்கள். முகத்தில் போடுவதை அழகாகப் போடுங்கள், அது நம் வேலை. ஆனால் ஒரு பிள்ளையின் நோவைக் குற்றமாக்கி அதை மூடச் சொன்னால் வாயைத் திறந்து மறுத்துப் பேசுங்கள். பிழைப்புப் போனாலும் பரவாயில்லை. கைக்குக் காலுறை கட்டிய வீட்டில் வாய்க்குத்தான் முதலில் கட்டுப் போட்டிருப்பார்கள்.

பெருநாளைக்கு முந்தின நாள் ஹஸ்னாவும் உம்மாவும் மருதாணி போட வந்தார்கள். நான் கோனை எடுத்து உள்ளங்கையில் முதல் கோட்டை இழுக்கும்போதே உம்மா கழுத்தை நீட்டி மகளின் தாடையை உற்றுப் பார்த்தார்.

"இப்பவாவது நிண்டிட்டா மகள்?"

ஹஸ்னா கையை அசைக்காமல் சொன்னாள்: "நிக்கல்ல உம்மா. கொறஞ்சிரிக்கி. நீங்க இப்பிடிப் பாக்குறதும் கொறஞ்சா, இன்னும் கொறையும்."