நான் கழுவாத புண்

கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் நான் தோட்டத்து மருந்தகத்தில் ஆயாவாக இருந்தேன். மலேசியாவில் கோலா கங்சாருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர்த் தோட்டம் அது. பால் வெட்டும் கத்தி கிழித்த விரல், முள் ஏறிய குதிகால், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட கணுக்கால் என்று தினமும் யாராவது வருவார்கள். அங்கே வைத்தியம் பார்த்த டிரெசர் மருந்து எடுப்பதற்குள் காயத்தை நான் கழுவி வைத்திருக்க வேண்டும். முதலில் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். பிறகு கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மண் துளிகூட உள்ளே தங்காதபடி அலசுவேன். வெள்ளைத் துணியால் கட்டிவிட்டு, மறுநாள் வரச் சொல்லி அவிழ்த்துப் பார்ப்பேன். அவ்வளவுதான் வேலை. பின்னால் நான் செய்த தப்பு இந்த வேலை தெரியாமல் செய்ததாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

என் கணவர் அதே தோட்டத்தில் பால் வெட்டினார். மருந்தகம், ஊசி என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் சின்னக் கீறல் பட்டாலும் என்னிடம் வந்துவிடுவார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலையோ கையையோ நீட்டிக்கொண்டு உட்காருவார். நான் திட்டிக்கொண்டே கழுவுவேன். தொழிலாளர் லயத்து வீடுகளில் எல்லோரும் காயத்தில் காப்பித்தூளை அப்புவார்கள். எனக்கு அதைக் கண்டாலே கோபம் வரும். அது அவருக்கும் தெரியும்.

எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம். என் அண்ணன் பாரிட் புந்தாரில் அரிசி ஆலையில் வேலை செய்தார். அவருடைய முதல் குழந்தைக்கு நான்தான் ஞானத்தாய் என்று முன்பே பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது என் கணவரின் கால்சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அண்ணன் எங்களை அழைத்து எழுதியது. ஞானஸ்நானம் அன்று காலைப் பூசையில் முடிந்திருந்தது. எனக்குப் பதில் வேறு யாரோ குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பார்கள்.

“கடுதாசி வந்தத ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன்.”

“மறக்கல. எங்க அண்ணன்மேல உள்ள கோபம் உங்களுக்கு.”

எங்கள் கல்யாணத்தின்போது அவருக்கும் அண்ணனுக்கும் ஏதோ வாய்த்தகராறு. அதை அவர் விடவே இல்லை. அன்றிலிருந்து நான் பேசுவதை நிறுத்தினேன். சமைத்தேன், தட்டை வைத்தேன், உள்ளே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். பால் வடிய மரத்தில் கட்டும் மங்கு என்ற மண்கிண்ணம் ஒன்று உடைந்து சருகுக்கடியில் கிடந்திருக்கிறது. அந்தச் சில்லு ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. பின்வாசற்படியில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். ரத்தமும் சேறும் கலந்து கறுப்பாக இருந்தது. நான் அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். நான் நிமிரவில்லை. எழுந்து உள்ளே வந்தார். எனக்குப் பக்கத்துப் பலகையிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிடி அள்ளிக் காயத்தில் அமுக்கி, சைக்கிள் துடைக்கிற துணியைக் கிழித்துக் கட்டினார்.

‘அத வைக்காதீங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அவரே கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

புதனும் வியாழனும் அதே கட்டோடு வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் படுத்தார். அந்த அறையில் ஒரு வாடை இருந்தது. மருந்தகத்தில் மூன்று வருடம் இருந்தவளுக்கு அது என்ன வாடை என்று தெரியாமலா இருக்கும்? நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தபோது அவருக்குக் குளிர் நடுக்கம். அப்போதுதான் வாய் திறந்தேன்.

“காலக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்லலா. சரியாப் போயிடும்.”

துணி காயத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தேன். காப்பித்தூள் கறுத்த பொருக்காக இறுகி, அதன் அடியில் சீழ் கட்டியிருந்தது. இரண்டு விரல்கள் நிறம் மாறியிருந்தன. கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அப்படி ஒரு கோட்டை மருந்தகத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அந்த ஆளை டிரெசர் உடனடியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் டிரெசர் வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்து லோரியில் என் கணவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எத்தன நாளா இப்படி இருக்கு? வீட்ல யாரும் பாக்கலயா?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். “அவங்களுக்குத் தெரியாது டாக்டர். நான்தான் மறச்சிட்டேன்.”

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். இல்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரத்தில் நான் பேசாமல் இருந்ததிலேயே மோசமானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு மிஸ்ஸி, சின்ன வயது நர்ஸ், எனக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள். “மொத கையக் கழுவணும்க்கா. தண்ணியக் கொதிக்க வச்சு ஆற விடணும். அழுக்குத் துணி ஆகவே ஆகாது.” முதல்முறை கேட்பவள்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். “சரி மிஸ்ஸி” என்றேன்.

அதன்பிறகு அவரால் மேட்டு மர நிரைகளில் ஏறிப் பால் வெட்ட முடியவில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலை கொடுத்தார்கள். எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். ஒரு மரப் பட்டறையில் அவர் காவல் வேலைக்குப் போனார். நொண்டி நடந்ததால் மற்றக் காலும் வலிக்கத் தொடங்கியது. ஒருநாளும் அவராக அந்த வாரத்தைப் பற்றிப் பேசியதில்லை.

ஈப்போவுக்கு வந்த பிறகு ஒரு மதியம் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த மூன்று விரல்கள். ஏனோ அன்று சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நீங்க காப்பித்தூள் வச்சத நான் பாத்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீ பக்கத்துலதானே நின்ன. அதுக்குத்தான் டப்பாவ எடுத்தேன். காப்பித்தூளப் பாத்தா ஓடியாந்து திட்டுவியேன்னு நெனச்சேன்.” பிறகு தன் காலைப் பார்த்தபடி, “நானும் கூப்பிட்டிருக்கலாம்லா” என்றார்.

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. நகவெட்டியைக் கீழே வைத்தேன். அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.